உரிமையாளர்: நாகேஸ்

“எம்பேரை மட்டும் அந்த சிஸ்டத்துலேர்ந்து எடுத்துப் பாருங்கோ! அடுத்த நிமிஷம் பாறசாலையிலேர்ந்து ஆற்றிங்கல் வரைக்கும் ரத்தம் குடுத்தவன் பூரா வாசல்ல நிப்பான். ஒருத்தனுக்கும் ரிசல்ட் வராது, கேட்டேளா?”

மூன்று ஓணத்துக்கு முன்னால், கழக்கூட்டம் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், பூக்களத்தை மிதித்துவிடாதபடி ஓரமாக நின்றுகொண்டு, இரண்டாவது தம்ளர் அடைப்பிரதமன் பாயசத்துக்குப் பிறகு நாகேஸ்வரன் இதைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் காலை வழக்கம் மாறியதில்லை. எட்டேமுக்காலுக்கு வருவார். தோள்பையை இறக்காமல், நின்றவாக்கிலேயே கணினியில் ஒரு வரி தட்டுவார். ‘நாகேஸ் பேரில் எத்தனை அட்டவணை இருக்கிறது?’ என்று டேட்டாபேஸைக் கேட்கும் வரி. ‘ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு’ என்று பதில் வரும். நேற்றும் அதேதான் வந்தது. நாளைக்கும் அதேதான் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவருக்கு உள்ள திருப்தியோடு அவர் பையை இறக்கி, தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்து, ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைப்பார். தயிர் புளிக்கக்கூடாது. அன்றைய தினத்தின் முக்கியமான இரண்டு காரியங்களும் அத்துடன் முடிந்துவிடும்.

வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான தேகம், நெற்றியில் வியர்வைக்கு அசையாத விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. இரண்டாலும் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெரு ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். கணினியில் எதையாவது நிரந்தரமாக அழிக்கும்போது “ஸ்வாஹா” என்று உரக்கச் சொல்லுவார். பக்கத்து இருக்கைக்காரர்கள் புதிதில் பயந்தார்கள். பிறகு அவர் சொல்லாவிட்டால் அழியவில்லை என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

அவருடைய பெயர் எப்படி அந்த சிஸ்டத்துக்குள் போயிற்று என்பது ஒரு தற்காலிக ஏற்பாட்டின் வரலாறு. இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனி என்பது தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் மூன்று அறை. ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் ஒரு குழுமம் அதற்கு முதல் வாடிக்கையாளராக வாய்த்தது. டேட்டாபேஸில் கம்பெனி பெயரில் ஒரு பயனர் கணக்கு திறக்க ஒரு படிவம் வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சபரிமலைக்கு மாலை போட்டுப் போயிருந்தார். “ரெண்டு நாள்தானே, என் லாகின்ல பண்ணிடறேன்” என்றார் நாகேஸ்வரன். ‘நாகேஸ்’ என்ற தன் கணக்கில் நுழைந்து ‘பேஷண்ட்’ என்று முதல் அட்டவணையைச் செய்தார். போனவர் மலையிறங்கி வந்து, வேறு கம்பெனிக்கும் போய், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அந்தப் பழைய டேட்டாபேஸில் அட்டவணை என்பது அதைச் செய்தவர் வீட்டுக்குள்தான் குடியிருக்கும். மற்றவர்கள் அதைக் கூப்பிட வேண்டுமானால் ‘நாகேஸ் வீட்டு பேஷண்ட்’ என்று முழுசாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் சொல்வது? அதற்காகவே அதில் சினானிம் என்று ஒரு வசதி உண்டு. தெருமுனையில் நடும் பெயர்ப்பலகை போல. ‘பேஷண்ட்’ என்று யார் கூப்பிட்டாலும் பலகை அவரை நாகேஸ் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். கூப்பிட்டவருக்கு யார் வீட்டுக்கு வந்தோம் என்று தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நாகேஸ்வரன் அட்டவணைக்கு ஒன்றாகப் பலகை நட்டார். எங்கே எதை நட்டார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. “எழுதி வெக்கறதாவது! எல்லாம் இங்கே இருக்காக்கும்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். விபூதி கொஞ்சம் உதிரும்.

அந்தப் பழைய டேட்டாபேஸில் ஒரு முறை வைத்த பயனர் பெயரை மாற்ற வழி கிடையாது. இந்த ஒரு குறைபாட்டின் மேல்தான் நாகேஸ்வரனின் வாழ்வு நின்றது. நிர்வாகம் இரண்டு முறை அவரை வேறு பிரிவுக்கு அனுப்பப் பார்த்தது. இரண்டு முறையும் தணிக்கைக்காரர்கள் வந்து, அறிக்கையில் ‘உரிமையாளர்: நாகேஸ்’ என்று பக்கத்துக்குப் பக்கம் பார்த்து அதிர்ந்து, ‘முழு அமைப்பும் ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கிறது, இது அபாயம், அபாயம் நீங்கும்வரை அவர் பதவி தொடரலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்டனமாக எழுதப்பட்ட அந்த வாக்கியத்தை நாகேஸ்வரன் நியமன உத்தரவாக வாசித்தார். அந்தப் பக்கத்தின் நகல் அவர் மேஜை டிராயரில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அபாயம் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருக்கிறார். பேனாவால் எழுதவில்லை என்று சொன்னது அந்த அளவில் தவறு.

இந்த ஜனவரியில் இடி விழுந்தது. பழைய டேட்டாபேஸை விட்டு, உரிமக் கட்டணம் இல்லாத போஸ்ட்கிரெஸ் என்ற புது டேட்டாபேஸுக்கு மாறுவது என்று மேலிடம் முடிவு செய்தது. சொல்ல வந்தவர் மேனேஜர் ஜெபமலர். மார்த்தாண்டத்துக்காரர், நாகேஸ்வரனுக்குப் பத்தொன்பது வயது இளையவர். கெட்ட செய்தி சொல்லும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அன்று உட்கார்ந்தார்.

“சார், ஒரு சின்ன பிரச்சன உண்டு. புதுசுல சினானிம் கெடையாதாம்.”

“கெடையாதா?”

“இல்ல சார். தேடிப் பாத்தாச்சு. அந்த ஏற்பாடே அதுல இல்ல.”

நாகேஸ்வரன் முகம் மலர்ந்தது. ஒரு தகனத்துக்குப் போன இடத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தால் வரும் மலர்ச்சி அது. “அப்போ மாத்த முடியாது, மேடம். தீந்தது காரியம். பலகை இல்லாத ஊர்ல தபால்காரன் என்ன பண்ணுவான்? மேலிடத்துல சொல்லிடுங்கோ.”

“சொன்னேன் சார். ஒங்க கிட்ட ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னாவ.” ஜெபமலர் குரலைத் தாழ்த்தினார். “பெறவு… இதுக்க கூட அந்தத் தணிக்க பாயிண்டையும் மூடணுமாம். அது மூடினா ஒங்க போஸ்ட்டு… நான் என்னத்தச் சொல்ல? ஒங்களுக்கே தெரியும்.”

அவருக்குத் தெரியும். பெயர் இருக்கும்வரை பதவி. பெயர் போனால் பதவி போயிற்று. தன் கழுத்துக்குக் கயிறு திரிக்கும் வேலை தனக்கே தரப்பட்டிருக்கிறது என்பதையும், தன்னைப்போல் உறுதியாகத் திரிக்க அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை என்பதையும் அவர் ஒரே சமயத்தில் உணர்ந்தார். இரண்டாவது எண்ணத்தில் சிறிது பெருமையும் இருந்தது.

முதலில் அவர் பிரதீஷிடம் போனார். பிரதீஷ் நாற்பத்தைந்து வயது நெய்யாற்றின்கரைக்காரர். டேட்டாபேஸைக் கூப்பிடும் நிரல்களெல்லாம் அவர் பொறுப்பு. எல்லா நிரலிலும் அட்டவணைப் பெயருக்கு முன்னால் ‘நாகேஸ்’ என்று சேர்த்து எழுதிவிட்டால் பலகையே வேண்டாமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

“சாமீ, நாப்பது லட்சம் வரி உண்டு,” என்றார் பிரதீஷ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒவ்வொண்ணிலயும் உங்க பேரு எழுதறதுக்கு இது எந்தா, நாமஜபமோ?”

அது மூடிய கதவு. பிறகுதான் நாகேஸ்வரனுக்கு அந்த அழகான வழி தென்பட்டது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு லாகினுக்கும் ‘எதைத் தேடினாலும் முதலில் இந்த வீட்டில் போய்த் தேடு’ என்று ஒரு வரியில் கட்டளை போட்டு வைக்கலாம். எல்லா லாகினுக்கும் ‘முதலில் நாகேஸ் வீட்டுக்குப் போ’ என்று போட்டார். ஒரே நாளில் முடிந்தது. பலகை எதுவும் தேவைப்படவில்லை. நிரலில் ஒரு எழுத்து மாறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நாகேஸ்’ என்ற பெயர் முன்னைவிட ஆழமாகப் பதிந்து, இப்போது பரிசோதனைக் கூடங்களின் இருபத்துமூன்று கிளைகளின் லாகினிலும் உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை அவர் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, தேவையே இல்லாமல் அரைக் கிலோ நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“என்ன விசேஷம்?” என்றாள் மனைவி விஜயம்.

“எம்பேரு போகாது. வழி பண்ணிட்டேன்.”

“ரேஷன் கார்டுல இருக்கு, வாசல் போர்டுல இருக்கு, என் பேருக்குப் பின்னாடியும் ஒட்டிண்டிருக்கு. இன்னும் எங்கெல்லாம் இருக்கணுங்கறேள்?” என்று கேட்டபடியே விஜயம் வறுவலை டப்பாவில் கொட்டினாள்.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை காலை. சென்ற ஆண்டில் கொடுத்த பழைய ரிப்போர்ட்டுகளைப் புது டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாறசாலை சரி. நெய்யாற்றின்கரை சரி. நெடுமங்காடு சரி. பதினொரு மணிக்குப் பிரதீஷ் நாற்காலியைச் சுழற்றினார்.

“சாமீ, ஆற்றிங்கல்ல ஒருத்தனும் ஆரோக்கியமா இல்ல.”

“என்ன சொல்றே?”

“கால்சியம் பாருங்க. இருநூறு பேரு. இருநூறு பேருக்கும் சிவப்பு. ஊரே தீர்ந்நு.”

நாகேஸ்வரன் எழுந்து போய்ப் பார்த்தார். முதல் தாளில் சுசீலாபாய், வயது அறுபத்தேழு. கால்சியம் இரண்டு புள்ளி நான்கு. பக்கத்தில், ‘இருக்க வேண்டிய அளவு எட்டரை முதல் பத்தரை வரை’. அதன் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. அந்தத் தாளின்படி சுசீலாபாய் உயிரோடு நடந்துவந்து ரத்தம் கொடுத்ததே ஒரு குற்றம். பழைய தாளை எடுத்துப் பார்த்தார். அதிலும் இரண்டு புள்ளி நான்குதான். ஆனால் இருக்க வேண்டிய அளவு இரண்டு புள்ளி ஒன்று முதல் இரண்டு புள்ளி ஆறு வரை. அம்பு இல்லை. அம்மாள் சௌக்கியம்.

காரணம் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆற்றிங்கல் கிளை வேறொருவரிடமிருந்து வாங்கியது. அங்கிருந்த இயந்திரம் வேறு அலகில் அளக்கும். அதனால் அந்த ஊருக்கு மட்டும் இயல்பு அளவுகளின் அட்டவணை தனி. மற்ற ஊர்கள் ‘நார்மல்’ என்று கூப்பிட்டால் பொதுப்பலகை பொது அட்டவணைக்குக் கூட்டிப்போகும். ஆற்றிங்கல் கூப்பிட்டால் அந்த லாகினுக்கு மட்டுமே தெரியும் ஒரு தனிப்பலகை, தனி அட்டவணைக்குக் கூட்டிப்போகும். இப்போது பலகைகள் எதுவும் இல்லை. எல்லோரும் நேராக நாகேஸ் வீட்டுக்குள் நுழைந்து, முன்னறையில் கண்ட ‘நார்மலை’ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தத் தனிப்பலகையை நட்டது யார் என்று பழைய டேட்டாபேஸைக் கேட்டார். நட்டவர் நாகேஸ், வருஷம் இரண்டாயிரத்து ஒன்பது என்றது அது. அவர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார்; அதே பதில்தான். அப்படி ஒரு பலகை நட்ட ஞாபகமே இல்லை. நெற்றியைத் தொட்டார். அங்கே விபூதிதான் இருந்தது.

“எத்தர தனிப்பலக இது போல உண்டு, சாமீ?” என்று கேட்டார் பிரதீஷ்.

“தெரியாதுடா.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. பிரதீஷ் கேலி செய்ய வாயெடுத்தவர், நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

இருநூற்றுப் பதினேழு இருந்தன. அதற்குப் பிந்திய ஐந்து வாரம் நாகேஸ்வரன் தன் இருபத்திரண்டு வருஷத்தைத் தோண்டினார். ஒரு பலகை இன்னொரு பலகையைக் காட்டியது. அது மூன்றாவது ஒன்றைக் காட்டியது. அறுபத்தொரு பலகைகள் என்றைக்கோ அழித்துவிட்ட அட்டவணைகளைக் காட்டிக்கொண்டு நின்றன. இடித்துப்போட்ட வீடுகளுக்கு வழி சொல்லும் பலகைகள். பழைய டேட்டாபேஸ் பெருந்தன்மையானது. அவற்றைப் பற்றி அது ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றின் பெயர் ‘ஆவுடை_டெம்ப்’. ஆவுடைத்தாய் என்று ஒருத்தி வேலை பார்த்ததையே அவர் மறந்துபோயிருந்தார். திருமணத்துக்கு அழைத்திருந்தாளா, போனோமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார். தயிர்சாதம் டப்பாவிலேயே இருந்தது.

அழகான வழியைக் கைவிட்டார். மிச்சமிருந்தது கஷ்டமான வழி. ஒவ்வொரு பலகைக்கும் பதிலாக ஒரு சாளரம். புது டேட்டாபேஸ்காரர்கள் அதை வியூ என்பார்கள். பொதுப்பலகைக்குப் பொது இடத்தில் ஒரு சாளரம். தனிப்பலகைக்கு அந்தந்த லாகினின் சொந்த இடத்தில் ஒரு சாளரம். லாகின் முதலில் தன் இடத்தில் தேடும். இல்லையென்றால் பொது இடத்தில் தேடும். நாகேஸ் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவே வேண்டாம். அந்தக் கடைசிக் கட்டளையையும் அவரே எழுதினார். ஆற்றிங்கல் சுசீலாபாய்க்காகத்தான் எழுதினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். தப்பான ரிசல்ட்டின் கீழே தன் பெயர் இருப்பதைத் தாங்க முடியாமல் எழுதினார் என்றும் சொல்லலாம். எப்படியோ எழுதினார். பிரதீஷின் நிரல்களில் பலகையை நம்பாமல் என்றைக்கோ ‘நாகேஸ்’ என்று நேராக எழுதியிருந்த முந்நூற்று நாற்பது இடங்களையும் அவரே தேடி அழித்தார். ஒவ்வொன்றுக்கும் ஸ்வாஹா சொன்னார். நூறாவதுக்குப் பிறகு குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாவது ஒத்திகையில் ஆற்றிங்கல் பிழைத்தது. ஜெபமலர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? இந்த சாளரமெல்லாம் ஒங்க பேரப் புடிச்சுக்கிட்டா நிக்கிது?”

இது அவர் எதிர்பார்த்த கேள்விதான். புதியதில் சாளரம் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொரு அட்டவணைக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. சாளரம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வீட்டின் பெயரை என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், சாளரம் அசையாது. இது ஜெபமலருக்குத் தெரியாது. தெரியாது என்பது நாகேஸ்வரனுக்குத் தெரியும். ‘ஆமாம், என் பேரைத்தான் புடிச்சிண்டு நிக்கறது’ என்று சொன்னால் அந்தப் பெண் நம்பியிருப்பார். இன்னும் நான்கு வருஷம், ஓய்வு வரைக்கும், ஓடியிருக்கும். நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“இல்லை, மேடம்.”

“அப்ப பேர மாத்தினாலும் ஓடுமோ?”

“ஓடும்னுதான் அதோட புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“நீங்க என்ன சொல்லுதிய?”

“நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? ஓடப்படாதுன்னு ஒரு ஆசை உண்டு. அதை ரிப்போர்ட்ல எழுத முடியாதே.”

ஜெபமலர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டப்பாவைப் பார்த்தார். “சாப்பிடுங்க சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மாற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. திங்கள் காலை இருபத்துமூன்று கிளைகளும் திறந்தன. ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ரிசல்ட் வந்தது. செவ்வாயும் வந்தது. புதன் சாயங்காலம் ஜெபமலர் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ‘நாகேஸ்’ இருந்த இடத்தில் வைக்க வேண்டிய புதுப்பெயர் இருந்தது: லேப்கோர். அதைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட குழு இரண்டு முறை கூடியிருக்கிறது.

“நானே போட்டிருப்பேன் சார். ஆனா அது மரியாத இல்ல. நாளைக்குள்ள எப்ப வேணும்னாலும் நீங்களே போடுங்க. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து.”

பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் நெருக்கியடிப்பது காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஊசி குத்திக்கொண்டு காப்பிக்குப் பறக்கும் நேரம். வியாழக்கிழமை நாகேஸ்வரன் ஏழேகாலுக்கே அலுவலகம் வந்துவிட்டார். மாடியில் காவல்காரர் மட்டும் இருந்தார். நாகேஸ்வரன் எட்டு அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இருபத்துமூன்று ஊர்களிலும் வரிசை நிற்கட்டும்; ஏதாவது ஆனால் அது எல்லோருக்கும் தெரியும்படி ஆகட்டும் என்பது அவர் எண்ணம். கிளைகளில் ஏதாவது நின்றுபோனால் முதலில் அலறுவது அவர் மேஜை மேலிருக்கும் கறுப்புத் தொலைபேசி. அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பெயரை மாற்றும் வரியைத் தட்டினார். ஆறே சொல். பயனர் பெயரை மாற்ற முடியாத பழைய டேட்டாபேஸில் இருபத்திரண்டு வருஷம் யாராலும் செய்ய முடியாத காரியம். என்டரை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் ‘ஆயிற்று’ என்று பதில் வந்துவிட்டது. ‘நிச்சயம்தானா?’ என்றுகூட அது கேட்கவில்லை.

எட்டு ஐந்து. எட்டு பத்து. திரையின் மூலையில் ரிசல்ட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பாறசாலை, நெடுமங்காடு, ஆற்றிங்கல். காவல்காரர் வந்து விளக்குகளைப் போட்டுவிட்டுப் போனார். எட்டேகால். தொலைபேசி சும்மா இருந்தது.

எட்டு இருபதுக்கு நாகேஸ்வரன் மெதுவாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தது. சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.